வெயிலில் தெரியாத தேய்மானம்

மாலை நான்கு மணி. கோலாலம்பூரில் வானம் கறுக்கிறது. இடி முழங்கிப் பெருந்துளிகள் விழத் தொடங்கியதும் நெடுஞ்சாலையில் ஒரு காட்சியைக் காணலாம். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக, மழைக்கு ஒதுங்கக் கட்டப்பட்டிருக்கும் கூரைகளின் கீழ் வண்டியை நிறுத்துகிறார்கள். சிலர் இருக்கைக்கு அடியிலிருந்து மழையங்கியை எடுத்து அணிகிறார்கள். சிலர் மழை விடட்டும் என்று கைப்பேசியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அங்கு நிற்கும் வண்டிகளின் பின் டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தால், சிலவற்றில் வரிப்பள்ளங்கள் ஆழமாக இருக்கும். சிலவற்றில் அவை மங்கலான கோடுகளாக மட்டும் எஞ்சியிருக்கும். ஒன்றிரண்டு டயர்களின் நடுப்பகுதி வழுவழுவென்று மொட்டையாகவே இருக்கும். அந்த மொட்டை டயருக்கு உரியவரைக் கேட்டால், “காலையில்கூட நன்றாகத்தானே ஓடியது!” என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. காய்ந்த தார்ச்சாலையில் தேய்ந்த டயர் நன்றாகவே ஓடும். வரிப்பள்ளம் குறையக் குறைய, தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. மோட்டார் சைக்கிள் பந்தயங்களில், தடம் காய்ந்திருக்கும் நாளில் வரிகளே இல்லாத டயர்களைப் பூட்டுவதற்கும் இதுவே காரணம். ஆகவே, டயர் தேய்ந்துவிட்டதா என்பதை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள இயலாது. வண்டி நாள்தோறும் ஓடுகிறது. தேய்மானமும் நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் நிகழ்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரியாது. மழை பெய்த முதல் திருப்பத்தில்தான் அது தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை.

நம் நாட்டில் 16 வயது நிறைந்தவர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் பெறலாம். இந்த வகுப்பறையில் இருக்கும் சிலர் ஏற்கெனவே உரிமம் எடுத்திருக்கலாம். சிலர் அப்பாவின் வண்டியில் பின்னால் அமர்ந்து பள்ளிக்கு வரலாம். மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அந்த விபத்துகளுக்கெல்லாம் டயர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், வீட்டு வாசலிலேயே, எந்தக் கருவியும் இல்லாமல், இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடக்கூடிய ஆபத்து எது என்றால் அது டயர்தான்.

வரிகள் எதற்கு?

ஒரு மோட்டார் சைக்கிள் டயர் சாலையைத் தொடும் இடம் மிகச் சிறியது. முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. ‘கப்சாய்’ என்று நாம் அழைக்கும் சிறிய மோட்டார் சைக்கிள்களில் ஒவ்வொன்றும் நம் உள்ளங்கை அளவுகூட இராது. வண்டியின் எடை, ஓட்டுபவரின் எடை, பின்னால் அமர்ந்திருப்பவரின் எடை, கொக்கியில் தொங்கும் சந்தைப் பை என எல்லாவற்றையும் இந்த இரண்டு சிறு இடங்களே தாங்குகின்றன. வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் இவற்றின் பிடிமானத்தால்தான்.

இப்போது சாலையில் நீர் நிற்பதாகக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. டயர் தரையைத் தொடும் நீளம் எட்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், டயரின் ஒரு புள்ளி தரையோடு ஒட்டியிருக்கும் நேரம் ஒரு வினாடியில் இருநூறில் ஒரு பங்குதான். அந்தக் கண நேரத்துக்குள் இடையிலுள்ள நீர் விலகியாக வேண்டும். விலகினால்தான் ரப்பர் தாரைத் தொடும். வரிப்பள்ளங்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. அவை நீரை உள்வாங்கிப் பக்கவாட்டில் வெளியேற்றும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்துபோனால் வயலில் நீர் தேங்குவதுபோல, வரிகள் தேய்ந்துபோனால் டயருக்கும் சாலைக்கும் இடையே நீர் தேங்கும். நீர்ப்படலத்தின் மேல் ஏறிய சக்கரம் தரையைத் தொடாமல் வழுக்கிச் செல்லும். அந்த நேரத்தில் பிரேக்கைப் பிடித்தாலும் பயனில்லை. கைப்பிடியைத் திருப்பினாலும் பயனில்லை.

மோட்டார் சைக்கிள் டயருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. காரின் டயர் தட்டையானது. மோட்டார் சைக்கிளின் டயரோ குறுக்காகப் பார்த்தால் வளைந்திருக்கும். இந்த வளைவு, படகின் முன்பகுதி நீரைக் கிழித்துச் செல்வதைப் போல, நீரை இருபுறமும் ஒதுக்கித் தள்ளும். டயர் தேயும்போது ஆழம் மட்டும் குறைவதில்லை. இந்த வளைவும் தட்டையாகிறது. ஆக, ஒரே நேரத்தில் இரண்டு பாதுகாப்புகளை இழக்கிறோம்.

மலாய்மொழியில் டயரின் வரிகளை ‘டயரின் பூ’ என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். அழகான பெயர்தான். ஆனால், அது அழகுக்காக அமைந்த பூ அன்று என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

எங்கே, எப்படிப் பார்ப்பது?

வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரை, அதாவது எழுத்துகளும் எண்களும் பதிந்திருக்கும் பகுதியைப் பாருங்கள். அதன் மேல் விளிம்பை ஒட்டிச் சிறிய முக்கோணக் குறியோ, டி, டபிள்யூ, ஐ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோ இருக்கும். தேய்மானத்தைக் காட்டும் அடையாளம் எங்கே இருக்கிறது என்பதற்கான வழிகாட்டி அது. அந்தக் குறியிலிருந்து நேராக மேலே, டயரின் நடுப்பகுதியை நோக்கிப் பாருங்கள். வரிப்பள்ளத்தின் அடியில் சிறிய மேடு ஒன்று குறுக்கே அமைந்திருக்கும். டயரைச் சுற்றிலும் பல இடங்களில் இத்தகைய மேடுகள் உண்டு.

புதிய டயரில் இம்மேடு பள்ளத்தின் ஆழத்தில் மறைந்து கிடக்கும். டயர் தேயத் தேய, மேற்பரப்பு மேட்டை நெருங்கி வரும். இரண்டும் ஒரே மட்டமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. மேட்டின் உயரம் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். மோட்டார் சைக்கிள் டயர்களில் பொதுவாக அது 0.8 மில்லிமீட்டர் முதல் 1.6 மில்லிமீட்டர் வரை இருக்கும். சிறிய எண்தான்.  ஏறத்தாழ அவ்வளவுதான் மிச்சம்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. மேடு தெரியத் தொடங்குவதை, ‘இனிமேல்தான் கவனிக்க வேண்டும்’ என்னும் முன்னறிவிப்பாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது முன்னறிவிப்பு அன்று, அது முடிவு. நீரை வெளியேற்றும் ஆற்றல், மேற்பரப்பு மேட்டைத் தொடுவதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கிவிடும். நாள்தோறும் மழையில் செல்ல வேண்டியவர்கள், குறிப்பாக ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் கிளந்தான், திரங்கானு, பகாங் போன்ற கிழக்குக்கரை மாநிலங்களில் இருப்பவர்கள், மேடும் மேற்பரப்பும் சமமாகும் வரை காத்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. மழைக்காலம் தொடங்கும் முன் டயரில் பாதி வாழ்நாளாவது எஞ்சியிருக்க வேண்டும்.

ஆழத்தை அளந்து பார்க்க விரும்பினால் அதற்கென்றே சிறிய ஆழமானிகள் கடைகளில் கிடைக்கின்றன. அது இல்லையென்றால் ஒரு பல்குச்சியும் பள்ளிக்கூட அளவுகோலும் போதும். பல்குச்சியின் தட்டையான முனையை வரிப்பள்ளத்தின் அடிவரை நிறுத்தி, டயரின் மேற்பரப்போடு சமமாக இருக்கும் இடத்தில் பேனாவால் கோடிட்டு, அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மேடு இருக்கும் இடத்தில் அளக்கக் கூடாது. அளவு தவறாக வரும். சக்கரத்தைச் சற்றுச் சற்றாகச் சுழற்றி மூன்று நான்கு இடங்களில், நடுவிலும் இரு ஓரங்களிலும் அளக்க வேண்டும். கிடைக்கும் அளவுகளில் எது மிகக் குறைவோ அதுதான் டயரின் உண்மையான நிலை. சராசரி எடுத்து மனத்தைத் தேற்றிக்கொள்வதில் பொருளில்லை. வழுக்கும் சக்கரம் சராசரியைப் பார்த்து வழுக்குவதில்லை.

சக்கரத்தைச் சுழற்றும்போதே வரிகளுக்கிடையில் சிக்கியிருக்கும் சிறு கற்களை எடுத்துவிடலாம். ஆணி ஏதும் குத்தியிருந்தால் மட்டும் உடனே பிடுங்க வேண்டாம். வண்டி பட்டறைக்குச் செல்லும்வரை அந்த ஆணியே காற்றை அடைத்து வைத்திருக்கக்கூடும்.

தேய்ந்த விதம் சொல்லும் செய்தி

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதோடு எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். செருப்பின் அடிப்பாகத்தைப் பார்த்து ஒருவர் நடக்கும் விதத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? டயரும் அப்படித்தான்.

நடுப்பகுதி மட்டும் பட்டையாகத் தேய்ந்து, இரு ஓரங்களும் ஏறத்தாழப் புதிதாகவே இருப்பது நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் தேய்மானம். நெடுஞ்சாலையில் நாள்தோறும் நேராகவே ஓடும் வண்டிக்கு இது இயல்பு. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வருபவரின் பின் டயர் இப்படித்தான் இருக்கும். காற்றழுத்தம் அளவுக்கு மிஞ்சி இருந்தாலும் இது விரைவாக நிகழும். பட்டையாகத் தேய்ந்த டயரில் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் இடையே ஒரு விளிம்பு உண்டாகிறது. சுற்றுவட்டத்தில் வண்டியைச் சாய்க்கும்போது, முதலில் சாய மறுப்பதுபோல் இருக்கும்; பிறகு அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழுவதுபோல் சாயும். வண்டி முன்புபோல இயல்பாகத் திரும்பவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காற்றழுத்தம் குறைவாக இருக்கும் டயர் வேறுவிதமாகக் கெடும். சுழலும்போது பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கி நிமிரும். அதனால் சூடேறும். ஓரங்கள் விரைவாகத் தேயும்; உள்ளிருக்கும் நூலிழை அடுக்குகள் தளரும். வெளியே பார்ப்பதற்கு டயர் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை வண்டியின் கையேட்டிலும், பெரும்பாலும் சங்கிலி உறையின்மேல் அல்லது பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தின்மேல் ஒட்டியிருக்கும் சிறு தாளிலும் காணலாம். பின்னால் ஒருவர் அமர்ந்தால் பின் டயருக்கு வேறு அளவு என்பதும் அதிலேயே இருக்கும். வண்டி நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பிறகு அளந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். எனவே, காலையில் வண்டியை எடுத்ததும் அருகிலுள்ள எண்ணெய் நிலையத்தில் பார்ப்பது நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அதற்குச் செலவும் இல்லை.

மேற்பரப்பில் கையை வைத்துத் தடவும்போது மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டால், குறை டயரில் இல்லாமலும் இருக்கலாம். அப்சோபர் எனப்படும் அதிர்வுத் தாங்கி பழுதாகிச் சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது டயரைப் பூட்டினால் அதுவும் இதே கதிக்கு ஆளாகும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வட்டமாகத் தேய்ந்திருந்தால், யாரோ பின் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தைச் சுழலவிடாமல் இழுத்துச் சென்றிருக்கிறார்கள். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருப்பார்.

முன் டயரையும் பின் டயரையும் ஒரே கண்ணோடு பார்க்கக் கூடாது. எஞ்சினின் விசை பின் சக்கரத்துக்குத்தான் செல்கிறது. எடையில் பெரும்பகுதியையும் அதுவே சுமக்கிறது. ஆகவே பின் டயர் விரைவாகத் தேயும். இரண்டு முறை பின் டயரை மாற்றிய பிறகும் முன் டயர் ‘இன்னும் நன்றாக’ இருக்கும். அதனால் அதை மறந்துவிடுகிறோம். ஆனால், பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்தினுடையது. பின் சக்கரம் சற்று வழுக்கினால் சமாளித்துவிட வாய்ப்புண்டு. முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமே இருக்காது.

வயதும் ஒரு தேய்மானம்

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்தபோது பழைய கப்சாய் ஒன்றை வாங்கினேன். முன் டயரில் வரிகள் ஆழமாக இருந்தன. விற்றவர் அதைக் காட்டியே விலை பேசினார். நானும் அதைப் பார்த்தே மகிழ்ந்தேன். இரண்டாவது வாரம், தூறல் மழையில், ஒரு சுற்றுவட்டத்தில் திரும்பும்போது வெள்ளைக் கோட்டின்மேல் முன் சக்கரம் ஏறியது. அடுத்த நொடி நான் சாலையில் கிடந்தேன். பின்னால் வந்த கார் நின்றுவிட்டதால் முழங்காலில் காயத்தோடு தப்பினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனபோது, அங்கிருந்தவர் டயரின் பக்கச்சுவரில் ஓர் எண்ணைச் சுட்டிக் காட்டினார். அந்த டயருக்கு வயது எட்டு. வரிகள் இருந்தன, ரப்பர்தான் கட்டையாகிப் போயிருந்தது.

ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோட்டங்களில் விடியலுக்கு முன் எழுந்து பால்மரம் சீவிய தாத்தா பாட்டியின் கதை இங்குப் பல குடும்பங்களில் உண்டு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகளில் தொடங்கிய மலாயாவின் ரப்பர், உலகின் சக்கரங்களுக்குச் சென்றது. ஆனால், மரத்திலிருந்து வடியும் பாலை அப்படியே உறையவைத்தால் டயர் ஆகாது. அது வெயிலில் பிசுபிசுக்கும்; குளிரில் உடையும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதிபெறும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் ஒன்றோடொன்று பிணைக்கிறது. அதனால் இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும் தன்மை நிலைக்கிறது. பின்னாளில் கரித்தூளும் சேர்க்கப்பட்டது. டயர் கறுப்பாக இருப்பதும், எளிதில் தேயாமல் இருப்பதும் அதனால்தான்.

வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் டயரின் ரப்பர் மாறிக்கொண்டே இருக்கிறது. காற்றிலுள்ள உயிர்வாயுவும் ஓசோனும் அதைத் தாக்குகின்றன. வெயிலும் வெப்பமும் அதை விரைவுபடுத்துகின்றன. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்கள் மெல்ல மெல்ல வெளியேறுகின்றன. ரப்பர் இறுகுகிறது. சாலையிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பிடிக்கும் ஆற்றல்தான் டயரின் பிடிமானம். இறுகிய ரப்பர் படியாது. குறிப்பாக ஈரத்தில், சாலைக் கோடுகளின்மேல், இரும்பு மூடிகளின்மேல் அது வழுக்கும்.

டயரின் வயதைத் தெரிந்துகொள்வது எளிது. பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பதிந்திருக்கும். எடுத்துக்காட்டாக 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில், அதாவது ஜூன் மாதவாக்கில் அது தயாரிக்கப்பட்டது என்று பொருள். ஒரு பக்கத்தில் இல்லையென்றால் மறுபக்கத்தில் தேடுங்கள். ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும் என்றும், பத்து ஆண்டுகளுக்குமேல் எப்படி இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது என்றும் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் வண்டிகளுக்குப் பத்து ஆண்டுகள் என்பது மிகவும் தாராளமான கணக்கு.

எண்ணைத் தவிர வேறு அறிகுறிகளும் உண்டு. பக்கச்சுவரிலும் வரிப்பள்ளங்களின் அடியிலும் வெடித்த நிலம்போல மெல்லிய கீறல்கள் தென்பட்டால் ரப்பர் உலர்ந்துவிட்டது என்று பொருள். பக்கச்சுவரில் எங்காவது கொப்புளம்போல வீங்கியிருந்தால், உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. அத்தகைய டயரில் வரிகள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அன்றைக்கே மாற்ற வேண்டும். பக்கச்சுவரில் ஏற்பட்ட ஓட்டைக்கும் பழுதுபார்ப்பு கிடையாது.

“இன்னும் ரெண்டு மாசம் ஓடுமா அண்ணே?”

பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு நாள் என் முன்னாலேயே உணவு விநியோகிக்கும் இளைஞர் ஒருவர் இப்படிக் கேட்டார். பட்டறைக்காரர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெயில்ல ஓடும் தம்பி. மழை பேயாம நீ பாத்துக்கிறியா?” இளைஞர் சிரித்தார். ஆனால், டயரை மாற்றாமலேயே போய்விட்டார். கையில் பணமில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

இதைப் பொறுப்பின்மை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. மாதக் கடைசியில், வாடகையும் பள்ளிச் செலவும் போக எஞ்சியதில் டயருக்கு என்று எடுத்து வைப்பது பல குடும்பங்களுக்குக் கடினம்தான். அதனால்தான் டயரை முன்கூட்டியே பார்ப்பது பணம் தொடர்பான ஒன்றாகவும் ஆகிறது. வரிகள் பாதி இருக்கும்போதே தேய்மானத்தைக் கண்டுகொண்டால், இரண்டு மூன்று மாதங்களில் சிறிது சிறிதாகச் சேர்த்துவிடலாம். மேடு மட்டமான பிறகு கண்டுகொண்டால் சேர்ப்பதற்கு நேரம் இல்லை. மேலும், மொட்டை டயருடன் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். சாலைத் தடுப்புச் சோதனையில் பிடிபட்டால், டயருக்கென்று இல்லாத பணம் தண்டத்துக்குச் செல்லும்.

பணத்தை மிச்சப்படுத்தச் சிலர் பயன்படுத்திய டயரை வாங்குவதுண்டு. தேய்ந்த டயரில் வரிகளைக் கத்தியால் மீண்டும் கீறி ஆழமாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கீறும்போது, இழைகளைக் காக்கும் மெல்லிய ரப்பர் அடுக்கும் போய்விடும். பார்ப்பதற்குப் புதிது, உண்மையில் பழையதைவிட மோசம். வரியின் அடியில் இருக்க வேண்டிய தேய்மான மேடு காணாமல் போயிருந்தாலோ வெட்டுப்பட்டிருந்தாலோ ஐயப்பட வேண்டும்.

இளைஞர்களிடையே வேறொரு பழக்கமும் உண்டு. வண்டி மெலிந்த தோற்றத்தோடு விரைவாகச் செல்லும் என்று எண்ணி, குறிப்பிட்ட அளவைவிடக் குறுகிய டயர்களைப் பூட்டுகிறார்கள். டயரில் 70/90-17 என்று இருந்தால், அதன் அகலம் 70 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு, அதாவது 63 மில்லிமீட்டர். பொருந்தும் ரிம்மின் விட்டம் 17 அங்குலம். அதையடுத்து 38 பி என்று இருந்தால், அந்த டயர் 132 கிலோகிராம் வரை தாங்கும், மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துக்கு ஏற்றதன்று என்று பொருள். அகலத்தைக் குறைத்தால் தரையைத் தொடும் இடமும் தாங்கும் எடையும் குறையும். தோழனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மழையில் போகும்போது குறைவது எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புது டயர் வாங்கும்போது வண்டிக் கையேட்டிலுள்ள அளவையே கேளுங்கள். சிரிம் சான்று உள்ளதா, தயாரித்த வாரம் எது என்று பாருங்கள். கடையில் நெடுநாள் கிடந்த டயரும் ‘புது டயர்’ என்றே விற்கப்படும். கம்பிச் சக்கர வண்டியென்றால் உள்ளே டியூப் இருக்கும். டயரோடு அதையும் மாற்றிவிடுவது நல்லது. டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டு. வண்டி முன்னோக்கிச் செல்லும்போது சக்கரம் சுழலும் திசையிலேயே அது இருக்க வேண்டும். பட்டறையிலிருந்து கிளம்பும் முன் அதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். திருப்பிப் பூட்டிவிடுவது நடக்கக்கூடியதுதான்.

புது டயர் பூட்டியதும் முழு நம்பிக்கையோடு திருப்பங்களில் சாய்ந்துவிடக் கூடாது. அச்சிலிருந்து வெளிவந்த ரப்பரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். சாலையில் உராய்ந்து அந்தப் பளபளப்பு போன பிறகே டயருக்கு முழுப் பிடிமானம் கிடைக்கும். முதல் 150 கிலோமீட்டர் அளவுக்கு மெதுவாகத் திரும்பி, முன்கூட்டியே பிரேக் பிடித்து ஓட்ட வேண்டும். ஓரங்கள் தரையைத் தொடும்படி சிறிது சிறிதாகச் சாய்வைக் கூட்டலாம்.

மாற்றிய நாளையும் அப்போது மீட்டர் காட்டிய கிலோமீட்டரையும் எங்காவது எழுதி வையுங்கள். ஒரு டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. சாலையும் சுமையும் ஓட்டுபவரின் கையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால், உங்கள் வண்டிக்கு உரிய கணக்கை உங்கள் குறிப்பே அடுத்த முறை சொல்லும். பழைய டயரைப் பட்டறையிலேயே விட்டுவிடலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லைப்புறத்தில் போட்டால், அடுத்த மழையில் அதில் நீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும்.